686 மீட்டரை எங்கே வைப்பது?

ஹீலலிகே ரயில் நிலையத்தில் சரக்கு ரயில் ஒன்று ஒதுங்கி நிற்கும்; பின்னால் வரும் எக்ஸ்பிரஸ் அதைத் தாண்டிப் போகும். பெங்களூர்ப் புறநகரான சந்தாபுராவில் குடியிருப்பவர்களுக்குப் பழகிய காட்சி இது. இப்படி ஒதுங்கும் லூப் லைனில் முழுச் சரக்கு ரயில் ஒன்று நிற்பதற்கு இந்திய ரயில்வே வைத்திருக்கும் வழக்கமான கணக்கு 686 மீட்டர். மாதிரி ரயில்களில் உலகெங்கும் அதிகம் புழங்கும் அளவு எச்.ஓ., அதாவது அசலில் 87இல் ஒரு பங்கு. 686ஐ 87ஆல் வகுத்தால் ஏறக்குறைய 7.9 மீட்டர் வருகிறது. ஓசூர் சாலைப் பக்கத்து அடுக்குமாடி வீடொன்றின் இரண்டாவது படுக்கையறை பத்துக்குப் பதினொரு அடி என்று வைத்துக்கொள்வோம். மூன்று மீட்டரும் சொச்சமும்தான். சுருக்கிய பிறகும் அந்த ஒரே ஒரு லூப் லைன் அறைச் சுவரைத் துளைத்து, ஹாலைக் கடந்து, மாடிப்படிக்கு வந்துவிடும்.

சரி, லூப் லைன் வேண்டாம், ரயில் மட்டும் போதும் என்றால்? ஐ.சி.எஃப். பெட்டி ஒன்றின் நீளம் சுமார் 22.3 மீட்டர், எச்.ஓ. அளவில் 25.6 செ.மீ. இருபத்திரண்டு பெட்டிகளையும் ஓர் எஞ்சினையும் கோத்தால் ஆறு மீட்டருக்குக் கொஞ்சம் குறைவு. ரயிலின் தலை சுவரில் முட்டி நிற்கும்போது பாதி ரயில் இன்னும் அறைக்கு வெளியே இருக்கும். இன்னும் சிறிய ‘என்’ (N) அளவுக்கு, அதாவது 160இல் ஒரு பங்குக்குப் போனால் அதே ரயில் 3.2 மீட்டராகச் சுருங்கும். இப்போது அறைக்குள் அடங்கிவிடுகிறது. ஆனால் ஓடுவதற்கு இடம் இல்லை.

வீட்டில் ரயில் பாதை போட நினைக்கும் எவரும் முதல் வாரத்திலேயே இந்தச் சுவரில் முட்டிக்கொள்வார்கள். பெங்களூரிலிருந்து ஓசூர், தருமபுரி வழியாகச் சேலம் போகும் பாதை ஏறக்குறைய 200 கி.மீ.; எச்.ஓ. அளவில் 2.3 கி.மீ. ஆகவே ஓர் ஊரையோ ஒரு பாதையையோ சுருக்கி வீட்டுக்குள் வைப்பது என்ற எண்ணத்தை முதலில் கைவிட வேண்டும். எதை விட்டுவிட்டால் மிச்சம் இருப்பது இன்னும் ரயிலாகவே தோன்றும் என்பதுதான் கேள்வி. அதற்குப் பதில் சொல்வதற்குச் சந்தாபுராவைப் போல வசதியான இடம் குறைவு. காரணம், இதைச் சுற்றிச் சில பத்து கிலோமீட்டருக்குள் நான்கு விதமான தண்டவாள அகலங்கள் இருக்கின்றன, அல்லது இருந்தன.

ஹீலலிகேயில் இன்று இருப்பது 1676 மி.மீ. அகலப் பாதை. அதே தடம் 1990களில் மாற்றப்படுவதற்கு முன் 1000 மி.மீ. கொண்ட மீட்டர் கேஜ். பொம்மசந்திராவில் வந்து முடியும் நம்ம மெட்ரோவின் மஞ்சள் பாதை, 2025 ஆகஸ்டில் திறக்கப்பட்டது, 1435 மி.மீ. நான்காவது இன்று இல்லை. ஓசூரிலிருந்து தருமபுரி வழியாக மொரப்பூர் வரை ஒரு காலத்தில் ஓடிய குறும்பாதை அது. இரண்டரை அடி, அதாவது 762 மி.மீ.

நான்கையும் 87ஆல் வகுத்துப் பாருங்கள். மெட்ரோ 16.5 மி.மீ. வருகிறது. கடையில் விற்கும் எச்.ஓ. தண்டவாளத்தின் அகலம் துல்லியமாக அதேதான். ஐரோப்பாவும் அமெரிக்காவும் 1435இல் ஓடுகின்றன. தண்டவாளம் செய்கிறவர்களும் அங்கேதான் இருக்கிறார்கள். நம் அகலப் பாதைக்கு 19.3 மி.மீ. வேண்டும், அது பெட்டியில் அடைத்து எங்கும் கிடைக்காது. ஆகவே இந்திய எஞ்சின் மாதிரிகள் பெரும்பாலும் 16.5 மி.மீ. தண்டவாளத்திலேயே ஓடுகின்றன. அந்த மூன்று மில்லிமீட்டர் குறையை நிஜத்துக்குப் பெருக்கினால் 24 செ.மீ. எஞ்சினை நேர் எதிரே நின்று பார்க்கும்போது, அகன்ற உடம்புக்குக் கீழே சக்கரங்கள் நெருங்கி நிற்பது கண்ணை உறுத்தும். பலர் கண்டுகொள்வதில்லை. ஒருமுறை கண்ணில் பட்டுவிட்டால் பிறகு மறக்கவும் முடியாது. மீட்டர் கேஜுக்கு 11.5 வருகிறது, 12 மி.மீ. தண்டவாளம் சந்தையில் உண்டு, தேடிப் பிடிக்க வேண்டும். குறும்பாதைக்கு 8.76 மி.மீ. ‘என்’ அளவு ரயில்களுக்காக உலகெங்கும் விற்கும் தண்டவாளத்தின் அகலம் 9 மி.மீ. வித்தியாசம் ஒரு தடித்த காகிதத்தின் கனம்தான்.

இந்தப் பொருத்தம் தற்செயலானது. ஆனால் வளைவைக் கணக்கிட்டால் அது இன்னும் வலுக்கிறது.

ஒரு ரயில் எவ்வளவு நெருக்கமாகத் திரும்பலாம் என்பதற்கு ரயில்வேயில் எல்லை உண்டு. நம் அகலப் பாதையில் மிகக் கூர்மையான வளைவின் ஆரம் 175 மீட்டர். எச்.ஓ. அளவில் அது இரண்டு மீட்டர். ரயில் சுற்றித் திரும்பி வர நான்கு மீட்டர் விட்டமுள்ள வட்டம் தேவை; நம் அறைக்குள் நுழையாது. கடைத் தண்டவாளங்களின் வளைவு ஆரம் 36 செ.மீ., 44 செ.மீ. என்ற அளவில் இருப்பதன் காரணம் வீட்டு மேசைதான். நிஜ ரயிலுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. அதில் நீண்ட பெட்டியை ஓடவிட்டால் என்ன ஆகும் என்பது எளிய வடிவியல். பெட்டி நேர்கோடு, தண்டவாளம் வில். ஐ.சி.எஃப். பெட்டியின் இரு போகிகளுக்கு, அதாவது சக்கரத் தொகுதிகளுக்கு, நடுவே 14.78 மீட்டர். நிஜமான 175 மீட்டர் வளைவில் பெட்டியின் நடுப்பகுதி தண்டவாளத்தின் நடுக்கோட்டிலிருந்து 16 செ.மீ. உள்ளே சாயும். மேசை மீதுள்ள 44 செ.மீ. வளைவில் அது 8 மி.மீ. சாய்கிறது. எட்டு மில்லிமீட்டர்தானே என்று தோன்றும். நிஜ அளவில் 70 செ.மீ.! நடைமேடை ஓரத்தில் நிற்பவரைப் பெட்டி கூட்டிக்கொண்டு போய்விடும். உள்ளூர்ப் பொம்மைக் கடையில் வாங்கினாலும் ஜெர்மனியிலிருந்து வரவழைத்தாலும் நீண்ட பெட்டி கூர்வளைவில் பொம்மையாகத் தெரிவது இதனால்தான்.

குறும்பாதைக்கு ரயில்வே அனுமதிக்கும் எல்லை 44 மீட்டர். அதை 87ஆல் வகுத்தால் அரை மீட்டர். கடைத் தண்டவாளத்தின் வளைவுக்குக் கிட்டத்தட்ட அதுவேதான். எதையும் ஏமாற்றாமல், எதையும் முறுக்காமல் ஒரு நிஜ வளைவை மேசை மீது வைக்கலாம். அகலப் பாதை ரசிகர்கள் கோபித்துக்கொண்டாலும் சொல்லத்தான் வேண்டும்: இரண்டு படுக்கையறை வீட்டுக்கு ஏற்றது குறும்பாதைதான்.

அந்தப் பாதையைப் பற்றிக் கொஞ்சம். மொரப்பூர், ஜோலார்பேட்டை–சேலம் அகலப் பாதையில் உள்ள நிலையம். அங்கிருந்து தருமபுரிக்கு 1906இல் குறும்பாதை போட்டார்கள்; 1913இல் அது ஓசூர் வரை நீண்டது. வறண்ட மாவட்டம், பஞ்ச காலத்தில் தானியம் கொண்டுசேர்க்கப் பாதை வேண்டும் என்ற எண்ணத்தில் அந்நாளில் போடப்பட்ட சிறு பாதைகளின் வரிசையில் வருவது. இதற்குச் சற்று முன் திருப்பத்தூர்–கிருஷ்ணகிரிப் பாதையும் இதே அகலத்தில் வந்திருந்தது. இரண்டாம் உலகப்போரின்போது, 1941இல், ஓசூர்ப் பாதை மூடப்பட்டது. ஓசூருக்கு மீண்டும் ரயில் வரப் பல பத்தாண்டுகள் ஆயின. அது மொரப்பூர் பக்கம் போகாமல் வேறு தடத்தில் வந்தது. மொரப்பூர்–தருமபுரி இணைப்பை அகலப் பாதையாக மீண்டும் போடும் திட்டம் நெடுங்காலம் கோப்புகளில் நகர்ந்துகொண்டிருந்தது.

இப்படிப்பட்ட பாதைக்கு எஞ்சினும் பெட்டியும் எங்கே கிடைக்கும்? இங்கே ஆஸ்திரியா கைகொடுக்கிறது. அந்நாட்டின் மலைப் பாதைகள் பல 760 மி.மீ. அகலம்; நம்முடையதற்கு இரண்டு மில்லிமீட்டர்தான் குறைவு. அவற்றில் ஒன்று ஜில்லர்டால் பள்ளத்தாக்கில் இன்றும் ஓடுகிறது. ஆகவே ஐரோப்பியக் கம்பெனிகள் 87இல் ஒரு பங்கு அளவில், 9 மி.மீ. தண்டவாளத்தில் ஓடும் குறும்பாதை எஞ்சின்களை நெடுங்காலமாகச் செய்துவருகின்றன. அந்தச் சக்கர அடிப்பகுதியை வாங்கி, மேலே வரும் உடம்பை மட்டும் 3டி அச்சிலோ பித்தளைத் தகட்டிலோ நம் ஊர் எஞ்சினாகச் செய்துகொள்ளலாம். நுட்பமான இயந்திரப் பகுதியை விலைகொடுத்து வாங்குவது, கண்ணில் படும் பகுதியைக் கையால் செய்வது என்ற இந்தப் பங்கீடு செலவையும் கட்டுக்குள் வைக்கும்.

நீளமும் வளைவும் வகுத்தலுக்குக் கட்டுப்படுகின்றன. எடை அப்படிக் கட்டுப்படுவதில்லை. நீளம் 87 மடங்கு குறையும்போது கன அளவு 87 × 87 × 87 மடங்கு, அதாவது ஆறரை லட்சம் மடங்குக்கு மேல் குறைகிறது. ஹீலலிகே வழியாகப் போகும் டபிள்யூ.ஏ.பி.–7 மின் எஞ்சின் 123 டன். அதன் சரியான மாதிரி 187 கிராம்தான் இருக்க வேண்டும். அவ்வளவு லேசாக இருந்தால் சக்கரத்துக்குப் பிடிமானம் போதாது. அதனால் உள்ளே ஈயத் துண்டு ஏதாவது வைத்து எடையைக் கூட்டிவிடுகிறார்கள். மணிக்கு 100 கி.மீ. வேகத்தில் வரும் நிஜ ரயில் பிரேக் போட்டு நிற்க ஒரு கிலோமீட்டர் அளவுக்கு ஓட வேண்டியிருக்கும். அதை வகுத்தால் மாதிரி ரயில் பதினொரு மீட்டர் போய் நிற்க வேண்டும். மின்சாரத்தை நிறுத்திய கையோடு அது விரல் அகலத்தில் நின்றுவிடுகிறது. சிறிய பொருளில் உந்தம் மிகக் குறைவு, உராய்வோ பெரிது.

நேரம் சுருங்குவதே இல்லை. புவியீர்ப்பு எல்லாருக்கும் ஒன்றுதான். 87 மடங்கு சிறிய பெட்டி கவிழ்ந்தால், நிஜப் பெட்டியைவிட 87இன் வர்க்கமூல அளவுக்கு, அதாவது ஒன்பது மடங்குக்கு மேல் சீக்கிரமாக விழுந்து முடியும். சினிமாவில் மாதிரி ரயிலைக் கவிழ்த்துப் படமெடுக்கும்போது கேமராவை மிக வேகமாக ஓட்டி, திரையில் மெதுவாகக் காட்டுவது இந்தக் கணக்கை ஈடுகட்டத்தான். வீட்டில் அந்த வசதி இல்லை. மெதுவாக ஓட்டுவது ஒன்றே வழி. எச்.ஓ. அளவில் மணிக்கு 100 கி.மீ. என்பது நொடிக்கு 32 செ.மீ. நாலடிப் பலகையை நான்கு நொடிக்குள் தாண்டிவிடும். மணிக்கு 20 கி.மீ. வேகத்தில் ஊர்ந்து வரும் குறும்பாதை ரயில் அதே பலகையைக் கடக்க 19 நொடி எடுத்துக்கொள்ளும். மெதுவாக ஓடும் ரயிலுக்கு அறை பெரிதாகிவிடுகிறது.

மலைகள் இன்னும் மோசம். தருமபுரி மாவட்டப் பாதையென்றால் பாறைக் குன்று இல்லாமல் முடியாது. ஆனால் 200 மீட்டர் உயரக் குன்று எச்.ஓ. அளவில் 2.3 மீட்டர், மின்விசிறியில் இடிக்கும். குன்றைப் பின்சுவர்த் திரையில் வரைந்துவிட்டு, அதன் அடிவாரப் பாறைகளை மட்டும் தெர்மாகோலில் செதுக்குவதே நடக்கிற காரியம். ஒரு பாதை இன்னொன்றின் மேல் ஏறிக் கடக்கும் ஆசையையும் இந்த இடத்திலேயே விட்டுவிடுவது நல்லது. எச்.ஓ. ரயில் இன்னொன்றின் கீழே புகுந்து போக ஏழரை செ.மீ. உயரம் வேண்டும். நூற்றுக்கு மூன்று என்ற சரிவில் ஏறினால் அதற்கு இரண்டரை மீட்டர் நீளம், இறங்க இன்னொரு இரண்டரை மீட்டர்.

பெரிதாகச் செய்து காட்டியவர்கள் இருக்கிறார்கள். புணேயில் கோத்ரூடில் பாவ் ஜோஷி உருவாக்கிய சிற்றுரு ரயில் அருங்காட்சியகம் 1998இல் திறந்தது. சிக்னல்கள், மேம்பாலம், ஒளி அமைப்பு எல்லாம் சேர்ந்த ஊரே அங்கே ஓடுகிறது. ஹாம்பர்க்கில் பிரௌன் சகோதரர்கள் 2001இல் தொடங்கிய மினியேச்சர் வுண்டர்லாண்டில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட ரயில்கள். அங்கெல்லாம் அதற்கென்று கட்டடமும் பராமரிக்க ஆட்களும் உண்டு. நமக்கு இருப்பது பதினொரு மாத வாடகை ஒப்பந்தமும், சுவரில் ஆணி அடிக்க யோசிக்கும் வீட்டு ஓனரும், ஆள் ஏறும் லிப்டும்.

ஆனால் கொலு வைக்கும் வீடுகளுக்கு இந்த நெருக்கடி புதிதல்ல. ஆண்டுக்கு ஒருமுறை பரணிலிருந்து இறங்கி, பத்து நாள் இருந்து, துணியில் சுற்றித் திரும்பவும் பெட்டிக்குள் போகும் உலகம் அது. படிக்குக் கீழே மணல் பரப்பிய பூங்காவில் சாவி கொடுத்த ரயில் சுற்றியதும் உண்டு. ஒவ்வோர் ஆண்டும் இரண்டு பொம்மை கூடும். முழுக் கொலு என்று ஒருநாளும் முடிவதில்லை. மாதிரி ரயில் பாதைக்கும் இதே முறைதான் சரி. 120 செ.மீ. நீளம், 40 செ.மீ. அகலத்தில் ஒரு பலகை. 9 மி.மீ. ப்ளைவுட், கீழே குறுக்குச் சட்டம். ஒருவர் தனியாகத் தூக்கலாம், லிப்டில் நிறுத்திக் கொண்டுபோகலாம், காரின் பின்சீட்டில் படுக்க வைக்கலாம். சுவரோரம் வைத்தாலும் அதன் கடைசி மூலை கைக்கு எட்டும். எந்தப் பலகையும் 75 செ.மீ.க்கு மேல் அகலமாக இருந்தால் பின்னால் தடம்புரண்ட பெட்டியை எடுக்க மேலே கவிழ்ந்து படுக்க வேண்டிவரும். மின்கம்பங்கள் முதலில் போகும். உயரத்தில் ஒரு பரிந்துரை: சாப்பாட்டு மேசை மட்டத்தில் வைக்காதீர்கள், நெஞ்சு உயரத்தில் வையுங்கள். மேலிருந்து பார்த்தால் பொம்மை. கண் மட்டத்துக்கு அருகே வந்தால் நடைமேடையில் நிற்கும் உணர்வு வருகிறது. குழந்தைகளுக்கு ஒரு ஸ்டூல் போடலாம்.

நாலடிப் பலகையில் சுற்றுப்பாதை போட முடியாது. ரயில் போய் வந்துகொண்டிருப்பது மட்டும் எத்தனை நாள் சுவாரசியமாக இருக்கும்? இதற்கு ஆலன் ரைட் என்ற ஆங்கிலேயர் கண்டுபிடித்த விடை இந்தப் பொழுதுபோக்கின் பெரிய சாதனைகளில் ஒன்று என்பேன். அவருடைய இங்கிள்நூக் சைடிங்ஸ் என்ற அமைப்பில் மூன்று முட்டுப்பாதைகள்தான். ஒன்றில் ஐந்து வேகன் நிற்கலாம். மற்ற இரண்டில் மும்மூன்று. அவற்றை இணைக்க, தடம் மாற்றும் பாயின்ட் இரண்டு. எஞ்சின் முன்னும் பின்னும் நகர்வதற்கான முன்பாதையில் எஞ்சினோடு மூன்று வேகன் மட்டுமே கொள்ளும். மொத்த வேகன்கள் எட்டு. ஒவ்வொரு வேகனுக்கும் ஒரு சீட்டு எழுதிக் குலுக்கி, வரிசையாக ஐந்து எடுக்க வேண்டும். அந்த ஐந்தும் அதே வரிசையில் நீளமான பாதையில் நிற்கும்படி ஷண்டிங் செய்ய வேண்டும். அவ்வளவுதான் ஆட்டம்.

முதல் சீட்டுக்கு எட்டு வாய்ப்பு, இரண்டாவதற்கு ஏழு, பிறகு ஆறு, ஐந்து, நான்கு. பெருக்கினால் 6,720 விதமான ரயில்கள். நாளுக்கு ஒன்று வீதம் அடுக்கினால் பதினெட்டு ஆண்டுக்கு மேல் ஓடும். முன்பாதையில் இடம் குறைவாக வைத்ததுதான் இதன் சூட்சுமம். அதை நீட்டிவிட்டால் புதிர் செத்துவிடும். எந்த வரிசை வந்தாலும் தீர்வு உண்டா, மாட்டிக்கொள்வோமா என்ற ஐயம் நியாயமானது. எப்போது நிச்சயம் தீர்வு உண்டு என்ற கேள்வியை லண்டன் பல்கலைக்கழகக் கணிதவியலர் சைமன் பிளாக்பர்ன் ஓர் ஆய்வுக் கட்டுரையாகவே எழுதியிருக்கிறார். ஐந்து, மூன்று, மூன்று என்ற அமைப்பில் எந்த வரிசையும் கைகூடும்.

குறும்பாதை வேகன் ஒன்றுக்குக் கொக்கியோடு 8 செ.மீ. என்று கொண்டால் நீளப் பாதைக்கு 40 செ.மீ., எஞ்சினும் மூன்று வேகனும் நிற்க 34, இரண்டு பாயின்டுக்கு முப்பதுக்குள். கூட்டினால் 104 செ.மீ. பலகையில் மிச்சம் இருக்கும் இடத்தில் ஒரு கொட்டகையும் ஒரு புளியமரமும் வைத்துவிடலாம். அறைக்குள் அடங்காத 686 மீட்டர் லூப் லைனில் நடக்கும் வேலையின் சாரம், எதை முன்னால் விடுவது, எதை ஒதுக்குவது, எங்கே ஒதுக்குவது என்ற தலைவலி, இந்த நாலடியில் முழுசாக இருக்கிறது. ரயில்வேயும் மாதிரிகளை விளையாட்டாகக் கருதுவதில்லை. செகந்திராபாத்தில் 1957இல் தொடங்கிய சிக்னல் பொறியியல் பயிற்சி நிறுவனத்தில் சின்ன ரயில்களை ஓட்டிப் பாடம் நடத்த ஒரு மாதிரி அறையே வைத்திருக்கிறார்கள்.

மின் இணைப்பில் பலர் முதல் நாளே பெரிய திட்டம் போட்டுவிடுவார்கள். எலெக்ட்ரானிக் சிட்டி பக்கத்திலேயே இருப்பதன் விளைவாக இருக்கலாம். பழைய முறையில் தண்டவாளத்தில் 12 வோல்ட் வரை நேர்மின்சாரம். வோல்ட்டைக் கூட்டினால் வேகம் கூடும். அந்தத் தண்டவாளத்தில் நிற்கும் எல்லா எஞ்சினும் ஒன்றாக ஓடும் என்பது அதன் குறை. டி.சி.சி. என்ற புதிய முறையில் தண்டவாளத்தில் எப்போதும் ஒரே அழுத்தம்; அதன் மீதே கட்டளை எண்களாகப் போகிறது. துடிப்பு 58 மைக்ரோ நொடி நீடித்தால் ஒன்று, 100 மைக்ரோ நொடியும் அதற்கு மேலும் நீடித்தால் பூஜ்யம். எஞ்சினுக்குள் இருக்கும் சில்லு தன் எண் வந்தால் மட்டும் செவிசாய்க்கும். இல்லாத உந்தத்தை இருப்பதுபோல் நடித்து மெதுவாக நிற்கவும் வைக்கும். ஒரே எஞ்சினுக்குப் பழைய முறையே போதும், பெங்களூர் எஸ்.பி. ரோட்டு எலெக்ட்ரானிக்ஸ் கடைகளில் தேவையான எல்லாமே கிடைக்கும். ஆனாலும் கம்பி இழுக்கும் ஆசை ஆளை எங்கே கொண்டுபோகும் என்று சொல்ல முடியாது. அமெரிக்காவில் எம்.ஐ.டி.யின் மாதிரி ரயில் மன்றம் 1946இல் தொடங்கியது. மேசைக்கு மேலே மரமும் வீடும் செய்தவர்களை விட்டுவிட்டு, மேசைக்கு அடியில் தொலைபேசி ரிலேக்களைக் கோத்துக்கொண்டிருந்த கூட்டம் கணினி பக்கம் போயிற்று. 1962இன் ஸ்பேஸ்வார் விளையாட்டை எழுதிய ஸ்டீவ் ரஸ்ஸல் அந்த மன்றத்து ஆள்.

சந்தாபுராவில் உண்மையான எதிரி தூசு. கட்டடவேலையும் லாரியும் ஓயாத சாலையோரம் அது. சக்கரம் தண்டவாளத்தைத் தொடும் இடம் ஊசிமுனை அளவு. அங்கே ஒரு படலம் படிந்தால் மின்சாரம் நின்றுவிடும். சிறிய எஞ்சினுக்குச் சக்கரங்களும் குறைவு என்பதால், பாயின்டில் தண்டவாளங்கள் வெட்டும் இடம் பிளாஸ்டிக்காக இருந்தால் அங்கேயே படுத்துவிடும். உலோகத்தாலான பாயின்டாகப் பார்த்து வாங்க வேண்டும். ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் தொட்ட துணியால் தண்டவாளத்தைத் துடைப்பதும், ஆட்டம் முடிந்ததும் பலகையை மூடிவைப்பதும் போதும். ஜல்லி ஒட்டுவதில் ஒரு சின்ன அறிவியல் இருக்கிறது. சலித்த கல்தூளைப் பரப்பி, நீர் கலந்த ஃபெவிகாலைச் சொட்டினால் அது உள்ளே இறங்காமல் முத்தாக உருண்டு நிற்கும். பரப்பு இழுவிசையும் சுருங்க மறுப்பவற்றில் ஒன்று. அதில் பாத்திரம் கழுவும் திரவம் ஒரு சொட்டு சேர்த்தால் இழுவிசை தளர்ந்து பசை தானே ஊறிப் பரவும்.

முதல் பலகை ஓடத் தொடங்கினால் இரண்டாவதற்கு மொரப்பூரைச் சொல்வேன். குறும்பாதை அகலப் பாதையைச் சந்திக்கும் நிலையங்களில் சிறிய வேகனிலிருந்து மூட்டையை இறக்கிப் பெரிய வேகனில் ஏற்றியாக வேண்டும். இரண்டு தண்டவாளமும் ஒரே மேடையின் இரு பக்கம் வரும். இங்கே அகலப் பாதை வேகன் ஓட வேண்டியதில்லை; நின்றால் போதும். வளைவு இல்லை, மோட்டார் இல்லை, பாயின்ட் இல்லை. கடையில் கிடைக்காத அந்த 19.3 மி.மீ. தண்டவாளத்தை, கட்டைகளின் மேல் இரண்டு உலோகப் பட்டைகளைச் சரியான இடைவெளியில் பொருத்தி, நாற்பது செ.மீ. நீளத்துக்கு யாரும் கையால் செய்துவிடலாம்.